கோணல் சிரிப்புப் படத்தையும் மாட்டுங்கள்

எங்கள் தோல் மருத்துவமனை வண்ணார்பேட்டையிலேயே புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. திறப்பு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். பழைய ஊழியர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டுமாம். ஓய்வு பெற்று, வீட்டில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைத் தேடி ஜெபா வந்தாள். எனக்குப் பிறகு என் இடத்துக்கு வந்த நர்ஸ் அவள்.

"அக்கா, முகத்துக்குக் குடுக்குத அல்ட்ராசவுண்டு பத்தி நீங்கதான் எழுதணும். மிஷின் வந்த நாள்லேர்ந்து இருந்தது நீங்க ஒராளுதான்" என்றாள். காப்பியைக் குடித்து முடித்தபின் மெல்ல இழுத்தாள். "மேனேஜர் சார் ஒண்ணு மட்டும் சொல்லச் சொன்னாக. அந்தக் கல்யாண வீட்டு விஷயம் வேண்டாமாம்."

"அப்ப அதைத்தான் எழுதுதேன்னு போய்ச் சொல்லு" என்றேன்.

நான் இப்படிப்பட்டவள் என்று தெரிந்துதான் மேனேஜர் தான் வராமல் அந்தப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார். சரி, எழுதுகிறேன். என் பெயர் இசக்கியம்மாள். ஸ்டாஃப் நர்ஸ்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நர்சிங் டிப்ளமோ முடித்தேன். தொழுநோய் பார்க்கிற ஒரு ஆஸ்பத்திரியில் பாதி ஆயுள் போயிற்று. மூக்கு அமுங்கிய முகம், புருவம் உதிர்ந்த முகம், இமை மூடாத கண், எல்லாவற்றையும் தொட்டுத் துடைத்து மருந்து போட்டவள் நான். நோய் முழுக்கக் குணமான பிறகும் அந்த முகத்துக்காக பஸ்ஸில் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போகிற சனத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷியை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதில் பாதி அவள் முகத்தை வைத்துத்தான் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் வார்டுகளைக் குறைத்தபோதுதான் வண்ணார்பேட்டைக்கு வந்தேன்.

அன்றிலிருந்து என் தங்கை வாயை மூடவில்லை. "ஏ அக்கா, அங்கன பாத்தது சேவை. இங்கன பாக்குதது மினுக்கு" என்பாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "என்ன இசக்கி, கிழவியளக் குமரியா ஆக்குதியாமே" என்று கேலி. கேட்கிற ஆம்பிளைகள் எல்லாரும் தலைக்கு மை அடித்தவர்கள். அதைச் சொன்னால் கோபம் வந்துவிடும். நான் சொல்லாமல் விட்டதும் இல்லை.

வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற ஸ்கேன் தெரியுமல்லவா, அதே ஒலி அலைதான். வெயிலைப் பூதக்கண்ணாடியில் குவிக்கிற மாதிரி அந்த அலையைக் குவித்துத் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் சூடேற்றுவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. சூடு பட்ட இடம் சுருங்கி, அங்கே புது நார் கட்டி, இரண்டு மூன்று மாதத்தில் தொங்கின தாடை கொஞ்சம் ஏறும். கொஞ்சம்தான். இப்போது பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் போனால், ஒரே தடவையில் பத்து வயது குறையும் என்று பியூட்டி பார்லர்க்காரர்கள் போர்டு வைத்திருக்கிறார்கள். எந்தப் பத்து வயது, எங்கே போகும் என்று ஒருநாள் உள்ளே போய்க் கேட்டேன். சாயங்காலம் ஓனர் வருவார் என்றார்கள்.

எங்கள் டாக்டர் கோமதி அம்மா அப்படிப் பேசுகிறவர் இல்லை. அவர் அறையில் 'அழகு' என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. "இறங்கினது கொஞ்சம் ஏறும். சிலருக்கு ஏறாது. ஏறலைன்னா எங்கிட்ட வந்து சண்டை போடாதீங்க, இப்பமே யோசிச்சுக்கிடுங்க" என்பார். வந்தவர்களில் சிலர் அந்தப் பேச்சைக் கேட்டே எழுந்து போய்விடுவார்கள். டாக்டரின் அக்கா மகன்தான் மேனேஜர். அவர் வெளியே தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்.

வருகிறவர் யாரானாலும் முதலில் கைக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். எங்கே இறங்கியிருக்கிறது என்று அவர்தான் விரலை வைத்துக் காட்ட வேண்டும். கூட வந்த மருமகளோ புருஷனோ "இங்கன, இங்கன" என்று விரலை நீட்டினால், அன்றைக்கு வைத்தியம் கிடையாது. "உங்க மூஞ்சிக்கு வாங்க, அப்பப் பாப்போம்" என்று அவர்களை அனுப்பிவிடுவார்.

அடுத்தது விசில். அதுதான் எனக்கு மிகப் பிடித்தது. முகத்தை அசைக்கிற நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். புருவத்தைத் தூக்கச் சொல்வார், கண்ணை இறுக மூடச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார், கடைசியில் விசில் அடிக்கச் சொல்வார். நம்மூர்ப் பொம்பளைகள் எங்கே விசில் அடித்திருக்கிறார்கள்! "ஐயே, பொம்பளப்பிள்ள விசில் அடிக்கலாமா டாக்டர்" என்று முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். வெறும் காற்றுதான் வரும். வாய் குவிந்தால் போதும், அது டாக்டருக்குப் போதுமான பதில். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு அம்மா மட்டும் பஸ் கண்டக்டர் மாதிரி அடித்து, வெளியே டோக்கனுக்குக் காத்திருந்தவர்களை எழுந்திருக்க வைத்துவிட்டார்.

இன்னொரு பழக்கம், கோடு போடுவது. வெள்ளைப் பென்சிலால் முகத்தில் கோடு போட்டுக்கொண்டுதான் மிஷினைத் தொட வேண்டும். படுக்க வைத்துப் போடக் கூடாது. படுத்தால் சதை காதுப் பக்கம் ஒதுங்கி எல்லாரும் சின்ன வயசாகத் தெரிவார்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையில் சதை எப்படித் தொங்குகிறதோ அப்படியே பார்த்துப் போட வேண்டும். வாய்க்கடைக்குக் கீழே, தாடை எலும்பு ஓரமாக, கீழுதட்டை இழுக்கிற நரம்பு போகிறது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போடுவார். அந்தக் கட்டத்துக்குள் போவதில்லை. ஆனால் நரம்பு எல்லாருக்கும் ஒரே வழியில் போவதில்லை என்பதையும் சொல்லுவார். "கட்டம் நான் போட்டது. நரம்பு போற பாதை நான் போட்டதில்லை" என்பார்.

என் வேலை ஜெல் தடவுவது, கையைப் பிடித்துக்கொள்வது, காலைப் பார்ப்பது. காலை எதற்கு என்று கேட்பீர்கள். வலிக்கிறதா என்றால் நம்மூரில் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். கால் விரல் மடங்கும். மடங்கியதும் நான் "டாக்டர்" என்பேன், அவர் நிறுத்துவார்.

உலகம்மாள் அக்காவுக்கும் நான்தான் காலைப் பார்த்தேன். பாளையங்கோட்டைக்காரர். தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை. வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷமாகி, தலைத்திவசம் முடிந்த மறுவாரம் வந்தார். ஒரே மகள் அபிராமிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தம் ஒரு மாதத்தில் இருந்தது.

டாக்டர் காலண்டரைப் பார்த்துவிட்டு, "முன்னாலயே வந்திருக்கணும். இதோட பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். கல்யாணத்துக்குள்ள ஒண்ணும் தெரியாது" என்றார்.

"திவசம் முடியாம எப்படி டாக்டர் படி ஏறுவேன்? ஊரு வாய்க்குப் பயந்துதான் காத்துக் கிடந்தேன்" என்றார் உலகம்மாள் அக்கா. பிறகு, "கல்யாணத்துக்கு அப்புறமும் எனக்கு இந்த மூஞ்சிதானே?" என்று கேட்டார்.

டாக்டர் சிரித்தார். அவர் அறையில் சிரிப்பது அபூர்வம். கண்ணாடியைக் கொடுக்கச் சொன்னார்.

அக்கா கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு வாயின் இரண்டு ஓரத்திலும், தாடையிலும் விரலை வைத்தார். "அவுக போனதுலேர்ந்து இது இப்படியே இறங்கிப் போச்சு. நான் சும்மா உக்காந்திருந்தாலும் அழுத மாதிரி இருக்கு. கவுன்டர்ல ஸ்டாம்பு வாங்க வாரவன்லாம் 'பாவம் அம்மா'ங்கான். என் மகளைத் தாரை வார்த்துக் குடுக்கப் போறது நான்தான் டாக்டர். வேற யாரும் இல்ல. அந்த மேடையிலயும் சரி, அது முடிஞ்சு எங்க நின்னாலும் சரி, ஒருத்தரும் என்னைப் பாத்துப் பாவம்னு சொல்லக் கூடாது."

விஷயம் இதுதான். தகப்பன் இல்லாத பெண்ணைச் சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக நின்று தாரை வார்ப்பதுதான் அவர்கள் வழக்கம். தாய் பின்னால் எங்கேயாவது தூண் ஓரம் உட்கார்ந்திருக்க வேண்டும். உலகம்மாள் அக்கா முடியாது என்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் சம்மதித்தார்கள். மந்திரம் சொல்ல வருகிறவருக்கும் ஆட்சேபணை இல்லை. அந்தச் சித்தப்பாவான அக்காவின் கொழுந்தனார் பிரமநாயகம் பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை.

விசில் அடிக்கச் சொன்னபோது அக்கா கூச்சப்படவே இல்லை. உதட்டைக் குவித்து, சன்னமாக, தெளிவாக, ஒரு விசில் அடித்தார். "சின்ன வயசுல கொய்யா மரத்துல ஏறி அடிப்பேன். அப்பா வெரட்டுவாக" என்றார். டாக்டரும் கேட்டார், நானும் கேட்டேன். இது முக்கியம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் மரத்துப்போகிற களிம்பு போட்டு அவர் காத்திருந்தபோது பிரமநாயகம் பிள்ளை வந்து சேர்ந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. கதவை நான் மறித்து நின்றேன்.

"மதினியக் கூப்பிடுங்க. தாலி அறுத்த வீட்டுல முகத்துக்கு மினுக்கு கேக்குதோ?"

"அண்ணாச்சி, உங்க மீசை நல்லாக் கருகருன்னு இருக்கே. என்ன மை போடுதீய?" என்று கேட்டேன்.

காத்திருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சிவந்துபோனது. "ஒரு நர்ஸ் பேசுத பேச்சா இது?" என்று மேனேஜரிடம் கத்தினார். மேனேஜர் என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்க மாட்டேன்.

உள்ளே டாக்டர் தொடங்கிவிட்டார். ஜெல் குளிர்ச்சியில் அக்கா தோளைக் குறுக்கினார். டாக்டர் மிஷின் தலையைத் தோலோடு ஒட்ட அழுத்தி, திரையில் தோலின் அடுக்கு தெரிகிறதா என்று பார்த்தார். சந்து விட்டால் மேல்தோல் வெந்துபோகும். ஒவ்வொரு சூட்டுக்கும் மிஷினில் சின்னதாக ஒரு சத்தம் வரும். எலும்புப் பக்கம் வரும்போது பல்லுக்குள் ஊசி போட்ட மாதிரி இருக்கும் என்பார்கள். என் கையை அக்கா இறுக்கவில்லை. நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஞ்சி கழற்றிய விரலில் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அந்த விரல் மடங்கும்போதெல்லாம் டாக்டரை நிறுத்தச் சொன்னேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "சிஸ்டர், காப்பி குடிச்சா ஒரு ஓரமா ஒழுகுது" என்றார். குரல் அமைதியாகத்தான் இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். "கண்ணு மூடுதாமா? புருவம் ஏறுதா?" என்று கேட்டார். போனிலேயே பார்க்கச் சொல்லிக் கேட்டோம், இரண்டும் சரியாக இருந்தன. கீழுதட்டின் இடது பக்கம் மட்டும் இறங்கவில்லை. பல்லைக் காட்டினால் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. சூடு நரம்பைத் தொட்டிருக்கிறது. எங்கேயாவது ஒருத்தருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததுதான். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கல்யாணத்துக்குள் சரியாகுமா என்று யார் சொல்ல முடியும்?

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "சித்தி, அவங்களுக்கு முன்னாடியே லேசாக் கோணல் இருந்ததுன்னு சொல்லிரலாம். வயசானவங்க, யாருக்குத் தெரியப் போகுது?"

டாக்டர் மேசையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "விசில் அடிச்சாங்களே. நான் கேட்டேன். இசக்கி கேட்டா. அவ்வளவு நேரான வாய் எனக்கு இல்ல, உனக்கும் இல்ல" என்றார். என்னைப் பார்த்து, "ஆட்டோ பிடி" என்றார்.

பாளையங்கோட்டை வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன. அபிராமி அழுதுகொண்டிருந்தாள். பிரமநாயகம் பிள்ளை எங்களுக்கு முன்பே வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"சாமியே காட்டிட்டு பாத்தீயளா. வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்" என்றார்.

டாக்டர் அவர் முன்னால் போய் நின்றார். "சாமி காட்டலை. நான் குடுத்த சூடு நரம்புல பட்டிருக்கு. இது என் கையால வந்தது. சரியாயிரும்னுதான் நம்புதேன். இத்தனாம் நாள்னு என்னால சத்தியம் பண்ண முடியாது." அதை அவர் தாழ்ந்த குரலிலும் சொல்லவில்லை. அடுப்படியில் இருந்தவர்களுக்கும் கேட்டது. ஒரு டாக்டர் அடுத்தவர் வீட்டுக்குள் நின்று இப்படிச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாத்திரை எழுதினார். தினமும் வந்து பார்ப்பதாகச் சொன்னார். வந்தும் பார்த்தார்.

பிரமநாயகம் பிள்ளை விடவில்லை. "சரி மதினி, நடந்தது நடந்துபோச்சு. இந்த வாயை வச்சுக்கிட்டு மேடையில எப்படி நிப்பீய? நாங்க ரெண்டு பேரும் நின்னு பாத்துக்கிடுதோம்."

அக்கா எதற்காக அத்தனை பேரோடு மல்லுக்கட்டினாரோ அதை நாங்களே தட்டிப் பறித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்கு இருந்தது. டாக்டர் அக்காவைப் பார்த்தார். பதில் அக்காவிடமிருந்துதான் வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். உதட்டைக் குவித்தார். புஸ் என்று காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் முயன்றார். அதுவும் காற்று. திரும்பினார்.

"தம்பி, நான் வாயாலயா நிக்கப் போறேன்? காலாலதானே" என்றார்.

கல்யாண மண்டபத்துக்கு நானும் டாக்டரும் போயிருந்தோம். நாலைந்து வரிசை தள்ளி உட்கார்ந்தோம். உதடு பாதிதான் திரும்பியிருந்தது. வாயை மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. பேசினால் லேசாகத் தெரியும். சிரித்தால் நன்றாகவே கோணும். அக்கா மயில்கழுத்து நிறப் பட்டு கட்டியிருந்தார். நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. மேடை ஏறும்போது எங்களுக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பொம்பளைகள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். நான் அவர்கள் நாற்காலிக்கு நடுவே தலையை நீட்டி, "என்ன அக்கா, மேடை மறைக்குதா?" என்று கேட்டேன். பேச்சு நின்றது.

மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, செம்பிலிருந்து அக்கா தண்ணீர் வார்த்தார். ஒற்றை ஆளாக நின்றார். கை ஆடவில்லை. தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரன் பெண் மாப்பிள்ளை பக்கத்தில் அவரை நிறுத்தினான். கேமரா வழியாகப் பார்த்தவனுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது.

"அம்மா, சிரிக்க வேண்டாம். வாயை மூடிக்கிட்டு லேசாத் தலையச் சாச்சு நில்லுங்க. நல்லா வரும்" என்றான்.

"நேரா எடுப்பா" என்றார் அக்கா. "என் மக கல்யாணத்துல நான் சிரிக்காம யாரு சிரிக்க?"

பல் முழுக்கத் தெரியச் சிரித்தார். வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று. என் பக்கத்தில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. கடைசியாக எடுத்த குடும்பப் படத்துக்குப் பிரமநாயகம் பிள்ளையும் வந்து ஓரத்தில் நின்றுகொண்டார். மீசைக்குப் புதிதாக மை போட்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து மருத்துவமனைக்கு ஒரு போன். எடுத்து "ஹலோ" என்றேன். பதில் இல்லை. மறுபடி "ஹலோ" என்றேன். ஒரு விசில் வந்தது. சன்னமாக, தெளிவாக. நான் போனை டாக்டரிடம் ஓடிக் கொடுத்தேன். "இன்னொரு தடவை அடிங்க" என்றார் டாக்டர்.

அதன் பிறகு தாடையும் ஏறியது. வாயின் இரண்டு ஓரமும் ஏறின. கொஞ்சம்தான், டாக்டர் சொன்ன அளவுக்கு. அழுத முகம் போய்விட்டது. மேனேஜர் விடுவாரா? முன்னால் எடுத்த படத்தையும் இப்போது எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரவேற்பறையில் மாட்ட அனுமதி கேட்டார். உலகம்மாள் அக்கா கைப்பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோணல் சிரிப்போடு செம்புத் தண்ணீர் ஈரம் காயாத கையோடு நிற்கிற படம்.

"இதை நடுவுல மாட்டுவீயன்னா மத்த ரெண்டையும் மாட்டிக்கிடுங்க. இல்லன்னா ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

மேனேஜர் ஒன்றையும் மாட்டவில்லை. அந்தப் படம் என்னிடம் வந்து சேர்ந்தது. என் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் யார் என்று கேட்பார்கள். இவர் யார், என்ன செய்தார், நாங்கள் இவருக்கு என்ன செய்தோம் என்று முழுதாகச் சொல்வேன். அப்புறமும் சிலர், எங்கே போய் இந்த வைத்தியம் செய்துகொள்வது என்று விலாசம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். எல்லாம் தெரிந்து கேட்கிறார்கள். பார்லர் போர்டுக்காரர்களுக்கு அது புரியாது.

போன வருஷம் நானும் செய்துகொண்டேன். என் தங்கை கேட்டால் சொல்லுங்கள். கண்ணாடியை நானே பிடித்து, நானே விரலை வைத்துக் காட்டினேன். விசில் எனக்கு வரவில்லை, காற்றுதான்.

இதை எழுதுவதற்கு முன் இரண்டு பேரையும் கேட்டுவிட்டேன். டாக்டர் இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். "எழுது. என் கையால வந்ததுன்னு நான் சொன்னதையும் விடாம எழுது" என்றார். உலகம்மாள் அக்கா, "பேரை மாத்தாதீய" என்றார்.

ஜெபா, கட்டுரையோடு அந்தக் கல்யாணப் படத்தின் பிரதி ஒன்றையும் உறையில் வைத்திருக்கிறேன். மலரில் இரண்டையும் சேர்த்துத்தான் போட வேண்டும். படம் வேண்டாம் என்று மேனேஜர் சொன்னால், என் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வா. புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு நானும் அக்காவும் வருவோம். என் கூடத்தில் தொங்குகிற படத்தை நாங்களே கொண்டுவருகிறோம். ஆணி அடிக்கச் சுத்தியலும் கொண்டுவருகிறோம்.